பேச்சியக்காவின் இடது கால்

இலவச மருத்துவ முகாமில் தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு மருத்துவம் தெரிய வேண்டியதில்லை, குரலும் பொறுமையும் இருந்தால் போதும் என்பார்கள். என்னிடம் குரல் மட்டும்தான் இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் ஆபீஸில் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் டாக்டரம்மாவோடு சுற்றுப்பட்டிக் கிராமங்களுக்குப் போய் டோக்கன் கொடுப்பதும், வரிசையில் முந்துகிறவர்களோடு சண்டை போடுவதும், 'அடுத்து' என்று கத்துவதும் என் பங்கு. ஞாயிற்றுக்கிழமையை இப்படித் தாரை வார்த்துவிட்டுத் திங்கட்கிழமை தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருக்கும் என் சகபாடிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பங்குனியில் நான் விடாமல் துரத்தியது ஒரு காலை. அது தப்பிக்குமா, விரலோடு போகுமா, முழங்காலோடு போகுமா என்பதுதான் கேள்வி.

பாஸான மனிதர்

சோழபுரம் சமுதாயக் கூடத்தில் முகாம். முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் கருப்பசாமி அண்ணன், விவசாயி. பழைய சர்க்கரை நோயாளி. அன்றைக்கு விரலில் குத்திப் பார்த்தால் டாக்டரம்மாவே கருவியைத் தட்டிப் பார்க்கும் அளவுக்கு ஒழுங்காக இருந்தது. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்ன நாளிலிருந்து மனிதர் அரிசிச் சோற்றைத் தொடவில்லை. காலையும் மாலையும் பாகற்காய்ச் சாறு, வேளை தவறாமல் மாத்திரை. மற்ற நாட்களில் அந்த மாத்திரைகள் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்குமாம்.

நம் பக்கத்தில் பலருக்கு முகாம் என்பது ஒரு பரீட்சை. படித்துவிட்டு வந்து எழுதி முடித்ததும் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். செத்த நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், எதிர்க் கடையில் அண்ணன் கையில் வாழைக்காய் பஜ்ஜி. போய்க் கேட்டேன். நிதானமாக மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: "பாஸாயாச்சுல்லா தாயி. இனி அடுத்த முகாம் வரைக்கும் என்னைய ஒருத்தரும் கேக்க முடியாது."

அழகான கட்டு

அவருடைய மனைவிதான் பேச்சியம்மாள். பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனியில் மடிப்பு வேலை. மூக்குக் கண்ணாடி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். இடது காலில் ஒரு கட்டு. அப்படி ஒரு கட்டை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை. சுற்றுக்குச் சுற்று ஒரே இடைவெளி, முடிச்சு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. ஆனால் அதைச் சுற்றி ஈ பறந்துகொண்டிருந்தது.

என்ன புண் அக்கா என்று கேட்டேன். ஒன்றுமில்லை, கல் குத்தியது என்றார். எப்போது என்றால், பொங்கலுக்கு முன்னால் என்றார். பங்குனி மாதத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறார். கண் பரிசோதனை வரிசையிலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் உட்கார வைத்தேன். முகாம் நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்: "பிரிக்காதீங்க நர்சம்மா. பொறவு இம்புட்டு அழகா ஒங்களுக்குக் கட்டத் தெரியாது."

நைலான் இழை

பிரித்துப் பார்த்தால் கட்டைவிரலுக்கு அடியில் குழி விழுந்து சீழ் வைத்திருந்தது. சர்க்கரை எக்கச்சக்கம். அவருக்கு அந்த நோய் இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது, பரீட்சை எழுதியதெல்லாம் புருஷன் மட்டும்தான். டாக்டரம்மா மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், உள்ளங்காலில் தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். குதிகால், நடுக்கால், விரல் நுனி என்று இழை வளைய வளைய அழுத்திக்கொண்டே போனார். பேச்சியக்கா வாயே திறக்கவில்லை. வீம்பு பிடிக்கிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

டாக்டரம்மா எல்லா இடத்தையும் தொட்டு முடித்து, இழையைப் பெட்டிக்குள் வைத்து மூடியும் விட்டார். பேச்சியக்கா இன்னும் கண்ணை மூடியபடியே இருந்தார். அப்போதுதான் கேட்டார்: "எப்பம்மா தொடுவீக? நானும் காத்துக்கிட்டே இருக்கேன்."

குளிர்ந்த நெருப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் இன்றைக்கே படுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் காலை எடுக்கும்படி ஆகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். பேச்சியக்கா மணிக்கட்டை நீட்டிக் காட்டினார். மஞ்சள் கிழங்கு முடிந்த காப்புக் கயிறு. ஊர் மாரியம்மனுக்குப் பூக்குழி இறங்கக் காப்புக் கட்டியாகிவிட்டது. கட்டியவர்கள் ஊர் எல்லைக்கு வெளியே ராத் தங்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மகன் பட்டாளத்தில் எல்லைக் காவலில் இருக்கிறான். அவன் நல்லபடியாக ஊர் திரும்பும்வரை வருடா வருடம் தீ மிதிப்பதாக நேர்ச்சை.

இந்தக் காலோடு நெருப்பில் நடக்கலாமா என்று நான் கத்தியே விட்டேன். முகாமே திரும்பிப் பார்த்தது. அவர் பதறவில்லை. முதல் வருடங்களில் கொப்புளம் வரும், இப்போது இரண்டு வருடமாக நெருப்பு சுடவே இல்லை, பூவில் நடப்பதுபோல் இருக்கிறது என்றார். அம்மன் குளிர வைத்துவிட்டாள் என்று ஊரே அவர் காலில் விழுந்து திருநீறு வாங்கியதாம். டாக்டரம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நரம்பு செத்ததால்தான் சுடவில்லை என்பதை டாக்டரம்மா எவ்வளவு பக்குவமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பக்குவமாகச் சொன்னார். பேச்சியக்காவின் முகம் இறுகிப்போனது: "அப்போ எனக்கு எறங்குனது ஆத்தா இல்ல, சீக்குங்கீயளா?"

எல்லைக்குள்

ராத் தங்கத்தானே கூடாது? பகலில் போய்வரலாமே. தினமும் என் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போய்க் கட்டு மாற்றி, ஊசி போட்டு, இருட்டுவதற்குள் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மா அரைமனதாகச் சம்மதித்தார். காய்ச்சல் வந்தால் காப்பாவது ஒன்றாவது, தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்துவிடுவேன் என்றும் சொல்லிவைத்தார். நான் மில்லில் லீவு சொன்னேன். சொந்தக்காரர்களா என்று மேனேஜர் கேட்டார், ஆமாம் என்றேன்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கூட்டம். வெளியே வரும்போது வெயில் இறங்கிவிட்டது. ராஜபாளையம் ரோட்டில் பஞ்சு லோடு லாரிகள் வரிசையாகப் போகின்றன. பின்னால் பேச்சியக்கா 'ஆத்தா, ஆத்தா' என்று முணுமுணுக்கிறார். எனக்கு அம்மனிடம் பயமில்லை. ஒரு நாள் தவறினாலும் மறுநாள் இந்த அம்மாள் வண்டியில் ஏறமாட்டார் என்பதுதான் பயம். முறுக்கினேன். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஊர்ப் பெயர்ப் பலகையைத் தாண்டினோம். தோளைத் தட்டினார்: "எல்லைக்குள்ள வந்தாச்சு, இனி மெள்ளப் போ தாயி. ஒனக்கும் பிள்ளைக இருக்குல்லா."

வலிக்காத புகார்

கட்டு மாற்றும் அறையில் எல்லாரும் வலிக்கிறது என்று அலறுவார்கள். பேச்சியக்கா ஒருத்தர்தான் வலிக்கவில்லை என்று குறைபட்டவர். நர்ஸ் புண்ணைச் சுரண்டிக் கழுவும்போது குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள் என்பார். கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு நிற்பது நான்தான். வண்டியில் திரும்பும்போது பேச்சே இருக்காது. கோபம் என்று நினைத்திருந்தேன். அவர் எதையோ மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது.

காப்புக் காலம் முடியும் தறுவாயில் சீழ் நின்று, புண்ணுக்குள் சிவப்புச் சதை தெரிந்தது. விரல் தப்பித்தது, ஆனால் நெருப்பில் வைத்தால் கால் போய்விடும் என்றார் டாக்டரம்மா. உணர்ச்சி திரும்புமா என்று அக்கா கேட்டதற்கு, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு நர்ஸ் பஞ்சை எடுத்ததும் பேச்சியக்காவின் கண் கலங்கிவிட்டது. வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டார். "இல்லம்மா. வலிக்க மாட்டேங்குதே, அதான்."

பூக்குழி

பூக்குழி அன்று மதியமே போய்விட்டேன். தேவைப்பட்டால் குறுக்கே படுப்பது என்று முடிவு. கருப்பசாமி அண்ணனிடம் கேட்டால், அம்மனையும் தடுக்க முடியாது, அவளையும் தடுக்க முடியாது என்று கையை விரித்தார். பொட்டல் முழுக்கக் கூட்டம், கொட்டுச் சத்தம். மஞ்சள் சேலையில், கையில் வேப்பிலையோடு வரிசையில் வந்தார் பேச்சியக்கா. காலில் ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் செருப்பு. கழற்றச் சொல்லி நாலு பக்கமும் சத்தம். கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு நான் முன்னால் போவதற்குள் அவர் குழியின் விளிம்புக்கே வந்துவிட்டார்.

என் குரல் அன்றைக்குப் பார்த்து எழும்பவில்லை. அவர் நின்றார். நெருப்பைப் பார்த்துக் கும்பிட்டார். குனிந்து ஓரத்துச் சாம்பலை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு வரிசையை விட்டு விலகினார். நேர்ச்சை தவறினால் பிள்ளைக்கு ஆகாதே என்று பூசாரி பதறினார். பேச்சியக்கா எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "சுட்டாத்தான சாமி அது நேத்திக்கடன்? செத்த கால வச்சு நடந்து ஆத்தாள ஏமாத்தச் சொல்லுதீயளா?"

பூசாரி வழி விட்டார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆகவேண்டிய காரியத்தைச் சொல்வதுபோல் என்னிடம் சொன்னார்: "போன ரெண்டு வருசமும் நடந்தது செல்லாது தாயி. ஒங்க டாக்டரம்மாட்ட சொல்லி இந்தக் காலுக்குச் சூடு தெரிய வச்சிருங்க, எல்லாத்தையும் சேத்து நடந்துருதேன்."

அந்தக் கால் குணமாகவும் வேண்டும், முழுசாகக் குணமாகிவிடவும் கூடாது என்று ஒரே அம்மனிடம் இரண்டு விண்ணப்பம் போட்டுவிட்டு, அடுத்த முகாமுக்கு டோக்கன் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.