அட்டையின் பின்னால் எழுதிய பெயர்

நாட்குறிப்பு எழுதுவது ஆறாம் வகுப்பில் தொடங்கிய பழக்கம். இன்றுவரை ஒரு நாளும் விட்டதில்லை. ஆனால் ஜனவரி முதல் தேதிப் பக்கத்தில் தீர்மானம் எதையும் எழுதமாட்டேன். வானிலை, வந்து போனவர்கள், சமைத்தது, அவ்வளவுதான். தீர்மானம் எழுதியது அந்த முதல் ஆண்டில் மட்டும். ‘இந்த வருடம் என் பொருள்களை ஒழுங்காக வைத்துக்கொள்வேன்’ என்று எழுதினேன். அன்று மாலைக்குள் அதை நிறைவேற்றியும் விட்டேன்.

அப்போது நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். அதற்கு முந்தைய ஆகஸ்டில் அம்மாவின் தங்கை, என் சித்தி, விழுப்புரத்திலிருந்து ஒரு பையோடு வந்திறங்கினாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி என்றாள் அம்மா. விழுப்புரத்தில் நல்ல பல் டாக்டர் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீக்கம் வடிந்த பிறகும் சித்தி திரும்பிப் போகவில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தாள். பிப்ரவரியில் பரீட்சை. தேறினால் ஏதாவது ஓர் ஆபீசில் வேலை கிடைக்கும், தனியாக இருந்துகொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

வீட்டில் மெஷின் ஏது? என் மேசைமேல் பத்து விரல்களாலும் தட்டிப் பழகுவாள். காலையில் அரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். புத்தக அடுக்கு சரியும். உயர வரிசைப்படி வைத்திருந்த பென்சில்கள் உருண்டு விழும்.

“மேசை ஆடுது சித்தி.”

“ஆடட்டும்டி. மொத சம்பளத்துல உனுக்கு ஆடாத மேசையா ஒண்ணு வாங்கித் தர்றேன். இரும்புல. யான ஏறினாலும் அசையாது.”

டிசம்பர் கடைசியில் சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. புத்தாண்டு அன்று வந்து சித்தியை அழைத்துப்போவதாக எழுதியிருந்தார். அப்பாவுக்கு நிம்மதி. “வருஷம் பொறக்குது. ரெண்டு பேரும் புதுசா ஆரம்பிக்கட்டும்,” என்றார்.

“எத்தினி நாளைக்குத்தான் இங்கியே இருந்துக்கினு இருப்ப?” என்று அம்மாவும் மெதுவாகக் கேட்டாள்.

சித்தி அப்பாவின் பக்கம் திரும்பி, “அட்டையில என்ன வருதோ அதும்படி செய்யறேன் மாமா. அப்புறம் யாரும் என்னை ஒண்ணும் சொல்லக்கூடாது,” என்றாள்.

அட்டை என்றால் வாக்குத்தத்த அட்டை. புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு தட்டு நிறைய அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதிலுள்ள வசனம்தான் அந்த ஆண்டு முழுவதற்கும் ஆண்டவர் நமக்குச் சொல்வது. மதிய ஜெபம் வரைக்கும் அட்டையைத் திருப்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. எல்லாருடைய அட்டைகளையும் வாங்கி, பின்பக்கத்தில் பென்சிலால் பெயர் எழுதி, அப்பாவின் வேதாகமத்துக்குள் வைப்பது என் பொறுப்பு. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

மேசையில் உட்கார்ந்து அப்பா, அம்மா பெயர்களை எழுதினேன். அடுத்து சித்தியின் அட்டை. திருப்பிப் பார்த்தேன். இருக்கிற இடத்தில் பயப்படாமல் நிலைத்திரு என்ற பொருளில் ஒரு வசனம். என்னுடையதையும் பார்த்தேன். போகிற வழியில் நான் உன்னோடு வருவேன் என்ற பொருள். எங்கும் போகவேண்டியிராத எனக்கு அது எதற்கு? சித்தியின் அட்டையில் என் பெயரையும் என் அட்டையில் அவள் பெயரையும் எழுதினேன். அழி ரப்பருக்குக்கூட வேலை வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு முன்பே சித்தப்பா வந்துவிட்டார், கையில் ஒரு கிலோ ஆப்பிளோடு. ஜெபம் முடிந்து அவரவர் அட்டையை வாசித்தோம். சித்தி தன் பெயர் எழுதியிருந்த அட்டையைக் கையில் வாங்கி, முதலில் பெயரைப் பார்த்தாள். பிறகு திருப்பி வாசித்தாள். வாசித்து முடித்து எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். அம்மா குனிந்திருந்தாள். ஆமென் சொல்வதற்காகத்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்து நான் உரக்க ஆமென் சொன்னேன்.

“அப்புறம் என்ன, கடவுளே சொல்லிட்டாரு,” என்று சிரித்தார் சித்தப்பா. “ஜல்தி கெளம்பு. நாலு மணி பஸ்ஸ விட்டா பேஜாரு.”

அன்று மாலை மேசையை ஈரத்துணியால் துடைத்துப் பென்சில்களை அடுக்கினேன். ‘சித்தி விழுப்புரம் போனாள். மேசை சுத்தம்’ என்று நாட்குறிப்பில் எழுதினேன்.

பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்தது. யாரும் அதை விழுப்புரத்துக்கு அனுப்பவில்லை. மே மாதம் நாங்கள் போனபோது சித்தியின் இடது மணிக்கட்டு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. குழாயடியில் வழுக்கிவிட்டது என்றாள். அம்மா நம்பினாள், அல்லது நம்பியதுபோல் இருந்தாள். அந்தக் கையால் சித்தி அதற்குப் பிறகு குடம்கூடத் தூக்கியதில்லை.

சித்தப்பா இறந்து நான்காண்டுகள் ஆகின்றன. போன புத்தாண்டுக்குச் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். முறத்தை மடியில் வைத்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை ஆண்டுகளாகச் சொல்லாததை அன்று சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

“தெரியும்டி. தட்டுல இருந்து எடுத்ததுமே படிச்சிட்டேன். மதியம் வரிக்கும் எனக்கு எங்க பொறுமை?”

“அப்ப ஏன் சித்தி அன்னிக்கு வாயத் தொறக்கல?”

“என்னான்னு சொல்றது? அந்த அட்டை மேல என் பேரு உன் கையெழுத்துல இருந்திச்சி. கொழந்தைக்கே நாம வேணாம்னு ஆயிட்டுது, பெரியவங்கள என்னா கேக்கறது?” உரித்ததை என் பக்கம் தள்ளினாள். “சாப்பிடு. வறுத்ததுதான்.”

சித்தி வேண்டாம் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. மேசை மட்டும்தான் வேண்டியிருந்தது. அன்று அந்த வீட்டில் இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியவில்லை.