அக்கா இடதுசாரியாகும் தேநீர் வேளை

வாயில் ஏழெட்டு ஆணிகளை அடக்கிக்கொண்டே ஒரு கட்சியின் தேர்தல் அறிக்கையை வெளுத்து வாங்க அக்காவால் முடியும். நாக்கால் ஓர் ஆணியை உதட்டுக்குத் தள்ளி எடுத்து, சோபாவின் விளிம்பில் வைத்து ஓர் அடி. "வரியக் குறைப்பாங்களாம்." இன்னோர் அடி. "குறைச்சுட்டா ஆஸ்பத்திரிக்கு மருந்து ஆகாசத்துல இருந்து விழுமா?"

இத்தனை காலமும் அக்கா ஓட்டுப் போட்டு வந்தது அந்த வலதுசாரிக் கட்சிக்குத்தான் என்பதைக் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

பழைய சோபாக்களைப் பிரித்துப் புதிதாக்கித் தருகிற கடை அது. முன்னால் அக்கா, பின்னால் அவளிடம் சம்பளத்துக்குத் துணி வெட்டுகிற தம்பி, நடுவில் எப்போதும் யாருடையதோ ஒரு சோபா வயிறு கிழிந்து மல்லாந்து கிடக்கும். ஃபோம்காரனிடம் அக்கா பேசுகிற பேரத்தைக் கேட்டால் கல்லுக்கும் இரக்கம் வரும். "வரி கட்டுற கைக்குத்தான் வலி தெரியும்" என்பது அவளுடைய பொருளாதாரம். தம்பி இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஊறிப்போன இடதுசாரி.

தேர்தல் நெருங்கினால் தேநீர் வேளையில் இருவரும் இடம் மாறிப் பேச வேண்டும். இது அக்கா போட்ட சட்டம். அவள் இடதுக்கு வாதாடுவாள், அவன் வலதுக்கு. "பிடிச்ச கட்சிக்கு மனசே வக்கீலு. பிடிக்காததுக்கு யாரு பேசுவா?" என்பாள்.

"என் வயித்துல நானே அடிச்சுக்கணுமாக்கா?" என்று தம்பி ஆரம்பத்தில் முரண்டு பிடித்தான்.

"அடிச்சுப் பாரு. எங்க வலிக்குதுன்னாவது தெரியும்ல?"

அவளுடைய வீட்டுக்காரருக்கு இதெல்லாம் வேலையற்ற வேலை. அவர் சொல்வதை அக்கா காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

இந்த முறை இடதுசாரிகள் குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்துவோம் என்றார்கள். முதலாளியான அக்கா அதற்காகத் தொண்டை கிழியப் பேசினாள். "கையில நாலு காசு இருந்தாத்தானே மனுஷன் சோபாவத் தைக்கக் கொண்டுவருவான்? இல்லேன்னா கிழிஞ்சதுலயே உக்காந்துட்டுப் போவான்!" சொல்லி முடித்துவிட்டு, இதில் நியாயம் இருக்கிறதே என்று அவளே கொஞ்சம் திகைத்துப் போனாள்.

தம்பி பெரிய முதலாளி தோரணையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டான். "ஆயிரம் பேரு வேலை பாக்குற கம்பெனி தாங்கும். ரெண்டு பேரு இருக்குற கடை தாங்குமா? ஒரு ஆள வீட்டுக்கு அனுப்பணும். முதலாளி தன்னையே அனுப்பிக்க மாட்டாங்க. அப்ப மிச்சம் யாரு?"

சிரிக்க வைக்கத்தான் தொடங்கினான். முடிக்கும்போது அவன் முகத்தில் சிரிப்பில்லை. காலைக் கீழே இறக்கி, தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனான்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் அவன் ஆசைப்பட்ட உயர்வு வாசலுக்கு வந்திருக்கிறது, அதற்கு ஓட்டுப் போட அவனுக்குப் பயம். அந்தப் பயம் தன்னைப் பார்த்துத்தான் என்பதை நினைக்க அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் உடனே பின்னாலேயே ஓடி, 'உன்ன நான் அனுப்புவேனா?' என்று கையில் அடித்துச் சொல்லியிருப்பாள். ஆகாத வாக்கைக் கொடுக்கிற பழக்கம் அக்காவுக்குக் கிடையாது. "ஸ்பிரிங்கே போச்சு, துணி மாத்தி என்ன புண்ணியம்?" என்று வந்த வேலையையே திருப்பி அனுப்புகிறவள். அன்று முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். புது வேன் வாங்குகிற யோசனையைத் தள்ளிப் போட்டாள். தங்கள் வீட்டின் முன்பக்க அறையை வாடகைக்கு விட்டால் என்ன என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

ஓட்டுப் பதிவுக்கு முந்தின மாலை, கதவை இழுத்துப் பூட்டும்போது தம்பி தயங்கி நின்றான்.

"அக்கா, இந்தத் தடவ பேசாம உங்க கட்சிக்கே போட்டுடறேன்."

"போட்டுப் பாரு!" அக்காவுக்கு வந்த கோபத்தில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கு வேலை செய்யத்தான் உனக்குச் சம்பளம். ஓட்டையும் சேர்த்தா வாங்கியிருக்கேன்? உன் மனசுக்கு எது சரியோ அதுக்குப் போடு."

"உங்க கட்சி தோத்துட்டா?"

"தோத்தா நான் ராத்திரி முழுக்க டிவி முன்னாடி அழுதுட்டு, மறுநாள் லேட்டாத்தான் வருவேன்."

சொல்லிக்கொண்டே கொத்திலிருந்து கடைச் சாவி ஒன்றை நகம் வலிக்கத் திருகிக் கழற்றினாள். அவன் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.