மாஸ்டரின் முழுக்கைச் சட்டை

1. எருமையா, பென்ஷனா

பனியன் கம்பெனியில் பி.எஃப். பார்க்கிறவளிடம் யாரும் சும்மா வந்து உட்கார மாட்டார்கள். வேலை போனவர், கல்யாணச் செலவுக்கு முழிப்பவர், படுக்கையில் விழுந்து எழுந்தவர் என்று வருவதெல்லாம் தலைவலிதான். அருள்புரத்தில் நான் இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில், என் உயிரை அதிகம் வாங்கியவர் செல்லமுத்து மாஸ்டர். இத்தனைக்கும் அவர் என்னைப் பார்த்து ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அந்த மரியாதைதான் பிரச்சினையே.

அவர் எங்கள் கட்டிங் மாஸ்டர். அடுக்கடுக்காக விரித்த துணியை மெஷினால் வளைத்து வெட்டினால் ஒரு பீஸ் கூடக் கோணாது. ஒரு நாள் பக்கவாதம் வந்து வலது பக்கத்தை இழுத்துவிட்டது. வைத்தியத்தில் கால் சரியாகிவிட்டது. வலது கை விரல்கள் மட்டும் மடங்கவே இல்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர் நம்மூட்டு மனுசனுங்க. ஆனா மறுபடியும் மெஷினைக் குடுத்து, இருக்கற கையும் போயிருச்சுன்னா நானு என்னங்க பண்றது? கணக்கை முடிச்சு, அவருக்கு எது லாபமோ அதைப் பண்ணிக் குடுங்க."

மாஸ்டரையும் அவர் மனைவி சரசக்காவையும் உட்காரவைத்துச் சொன்னேன். பி.எஃப். பணம் எப்படியும் கைக்கு வந்துவிடும். பென்ஷன் கணக்குக்குத்தான் மூன்று வழி. பி.எஃப். பிடித்த சர்வீஸ் பத்து வருஷம் ஆகாததால் அதையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு கணக்கை மூடலாம். இல்லையென்றால் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டு, வேறு கம்பெனியில் சேர்ந்தால் சர்வீஸைத் தொடரலாம். மூன்றாவது, உடல் ஊனத்துக்கான பென்ஷன். இப்போதிருந்தே சாகும்வரை மாதாமாதம் வரும். ஆனால் செய்துவந்த வேலையை இனி செய்யவே முடியாது என்று மெடிக்கல் போர்டு எழுதித் தர வேண்டும்.

"மொத்தமா எடுத்து எருமை வாங்கிக்கறனுங்க அம்மிணி," என்றார் மாஸ்டர்.

"எந்தக் கையில பால் கறப்பீங்களாமா?" என்றார் சரசக்கா.

மூன்றாவது வழிதான் என்று அப்போதே முடிவாகிவிட்டது. அது கிடைக்காவிட்டால் சரசக்கா தைத்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டிச் சம்பாதிக்கிற கூலியில்தான் இரண்டு வயிறும் நிறைய வேண்டும்.

2. ஒத்திகை

நான் கோவில்பட்டிக்காரி. எங்கள் பக்கம் தலைவலி வந்தால் தெருவுக்கே சொல்லிவிட்டுத்தான் மாத்திரை போடுவோம். கொங்கு மனுசர் அப்படி இல்லை. உயிர் தொண்டைக்குழியில் நின்றாலும், கேட்டவர் மனம் நோகக் கூடாது. இது எனக்குத் தெரியும் என்பதால் போர்டுக்கு முந்தின நாள் அவர் வீட்டுக்கே போய், நானே டாக்டராக உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேனுங்க. நீங்க சாப்ட்டீங்களா?"

"மாஸ்டர்! நல்லாத்தான் இருக்கேன்னு நீங்களே சொன்னா, பின்ன பென்ஷன் எதுக்குன்னு கேப்பாங்கல்லா? கை வரலைன்னு சொல்லுங்க."

"சரிங்க."

"எப்படி இருக்கீங்க?"

"உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லீங்க."

பத்துத் தடவை கேட்டும் இதே பதில்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவருக்கு இன்னொரு பக்கவாதம் நானே வரவழைத்திருப்பேன். கடைசியில் கும்பிட்டுக் கேட்டேன். "பேசவே வேண்டாம். நாளைக்கு முகச்சவரம் பண்ணாம, எப்பவும் போடுற கம்பெனி டி-ஷர்ட்டப் போட்டுட்டு வந்தாப் போதும்."

3. போர்டு

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சரசக்காவோடு மாஸ்டர் மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்குகிறார். வழவழவென்று சவரம், நெற்றியில் திருநீறு, சலவை வேட்டி, கஞ்சி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை.

"என்னக்கா இது?"

"ஆபீசருங்க முன்னாடி பிச்சைக்காரனாட்ட நிக்கச் சொல்றீங்களா அம்மிணி? நாந்தான் போட்டுவுட்டேன்," என்றார் சரசக்கா.

உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த அம்மாதான் கேள்வி கேட்டார். மாஸ்டர் விண்ணப்பக் காகிதத்தை மடங்காத விரல்களுக்கு நடுவே செருகி, இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கி நீட்டினார். பெரியவர்களுக்கு நம்மூரில் அப்படித்தானே கொடுப்போம்! டாக்டரம்மா மகிழ்ந்துபோனார்.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"நல்லா இருக்கேனுங்க."

நான் இருமினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மிணிக்குத்தான் மேலுக்குச் சரியில்லீங்க. கொஞ்சம் பாருங்க," என்றார்.

டாக்டரம்மா விரலை நீட்டினார். "உங்க வலது கையால என் விரலை இறுக்கிப் பிடிங்க."

மாஸ்டர் இரண்டடி பின்னால் போய்விட்டார். "பொம்பளைங்க கையத் தொடறதுங்களா? தப்புங்க டாக்டரம்மா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இவரு நல்லா இருக்கேங்கறாரு, தொடவும் விடமாட்டேங்கறாரு. நான் என்னன்னுங்க எழுதறது? சரி, அந்தத் திரைக்குப் பின்னாடி போய்ச் சட்டையைக் கழட்டிட்டு வாங்க."

போனவர் வரவே இல்லை. "ஒரு நிமிசமுங்க," என்று குரல் மட்டும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "ஒரு நிமிசமுங்க." பொறுமை இழந்த டாக்டரம்மா போய்த் திரையை விலக்கினார்.

முன் பொத்தான்கள் திறந்திருந்தன. வலது கைப்பட்டியும் திறந்திருந்தது. அதெல்லாம் இடது கையால் முடிகிற காரியம். இடது கைப்பட்டியின் பொத்தானை வலது கைதானே கழற்ற வேண்டும்? மாஸ்டர் அதைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கஞ்சி போட்ட துணி நனைந்து கசங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் வாயிலிருந்து சட்டையை விட்டுவிட்டு, "மன்னிச்சுக்குங்க, காக்க வச்சுட்டேன்," என்றார்.

ஆயுளெல்லாம் துணி வெட்டிய மனிதர். டாக்டரம்மா அந்தப் பொத்தானைத் தானே கழற்றிவிட்டார். கையை நன்றாகப் பரிசோதித்தார். பிறகு உட்கார்ந்து எழுதினார்.

4. கேட்டதும் கிடைத்ததும்

பென்ஷன் ஆர்டர் வந்ததும் நானே எடுத்துக்கொண்டு போனேன். மாஸ்டர் டி-ஷர்ட்டில் இருந்தார். பழக்கதோஷத்தில், "எப்படி இருக்கீங்க மாஸ்டர்?" என்றேன்.

"கை சுத்தமா வரலீங்க அம்மிணி. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா!"

"அந்தம்மா வேத்து மனுசிங்க. அவங்ககிட்டப் போயி நம்ம கஷ்டத்தச் சொல்ல முடியுங்களா? நீங்க நம்மூட்டுப் புள்ளை."

அன்றுதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் எதிர்ப்புச் சொல்லவில்லை.

ஆகவே, இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, இந்த ஊரில் ஒருவர் "நல்லா இருக்கேனுங்க" என்றால் அதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். சட்டைப் பொத்தானை யார் போட்டுவிட்டது என்று கேளுங்கள்.