எந்த ஊர் மண்ணுங்க?

லாரியிலிருந்து உர மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "மாமா, அப்பா போயிட்டாருங்க" என்றான் ஆறுமுகத்தின் மகன். போனை வைத்துவிட்டு மிச்ச மூட்டைகளையும் இறக்கச் சொன்னேன். அப்போது வேறெதுவும் தோன்றவில்லை. அவரோடு வியாபாரம் செய்த உரக்கடைக்காரர்களே, சேதி கேட்டபோது உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நானும் அவரும் கடைக்குக் கூட்டாளிகள். விற்பது என் வேலை. வயலுக்குப் போய்ப் பார்ப்பது அவர் வேலை.

சிறுவாணி அடிவாரத்தில் மயிலாத்தாள் மாட்டுத் தீவனத்துக்கு முயல்மசால் விதைத்திருந்தார். அமிலத்தால் புளிப்பேறிய செம்மண், செடி எழும்பவில்லை. நான் யூரியா தரப் பார்த்தேன். ஆறுமுகம் மண் போலிருக்கும் பாறைப் பாஸ்பேட் பவுடரைக் கொடுத்து அனுப்பினார். மாதங்கள் போயும் பச்சை கட்டவில்லை. அந்த அம்மா கடைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, மண்ணை வெல குடுத்து வாங்கி மண்ணுலயே கொட்டிப்போட்டனாக்கும்?"

"தழையப் பாக்காதீங்க அம்மணி, வேரப் பாக்கோணும். இந்தப் பவுடர் மெதுவாத்தான் கரையுமுங்க" என்றார் ஆறுமுகம்.

அடுத்த மழைக்குப் பிறகு என்னையும் கூட்டிப்போனார். ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கீறினார். உள்ளே சிவப்பு. "முடிச்சு வேலை செய்யுதுங்க. இனி உங்க மாடு பேசும்" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

அந்தத் தீவனத்தைப் பார்த்துவிட்டு, தாராபுரத்திலிருந்து மயிலாத்தாளின் தம்பி டெம்போவோடு வந்தார். "அக்காளுக்குக் குடுத்த அதே பவுடரு வேணுமுங்க." நான் ஏற்றிவிட்டேன். வெளியே போயிருந்த ஆறுமுகம் வந்ததும் கேட்டது ஒன்றுதான்: "எந்த ஊர் மண்ணுங்க?" பதிலைக் கேட்டதும் மூட்டைகளை இறக்கச் சொன்னார். "உங்குளது சுண்ணாம்பு மண்ணுங்க. அதுல இது கரையாது. புளிச்ச மண்ணுதான் இதைத் தின்னும். நீங்க சூப்பர் பாஸ்பேட் போடுங்க." எங்களிடம் அன்று சூப்பர் இருப்பு இல்லை. டெம்போ காலியாகப் போனது.

"வந்த யாவாரத்தைத் தொரத்தறியேப்பா" என்று கத்தினேன்.

"இன்னிக்கு வித்துப்போடலாம். அப்பறம் அந்த ஊருக்குள்ள நீ போவியா, நான் போறதா?"

அடுத்த ஆடியில் அதே ஆள், ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு சூப்பர் வாங்க வந்தார்.

காரியம் முடிந்து கடை திறந்தேன். ஒருவர் பாறைப் பாஸ்பேட் கேட்டார். மூட்டைமேல் வைத்த கையை எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். அழுகை இன்னும் வரவில்லை, கேள்வி வந்தது.

"எந்த ஊர் மண்ணுங்க?"

"தாராபுரமுங்க" என்றார்.

"அப்ப இது வேண்டாமுங்க" என்றேன்.