அழிந்துபோன அளவுகள்

வேலையை விட்டுவிட்டு, தனியாக சாஃப்ட்வேர் செய்துதர ஆரம்பித்தபோது மதகடிப்பட்டில் தையல் கடை வைத்திருக்கும் செல்வி அக்காதான் என் முதல் வாடிக்கையாளர். நோட்டிலிருந்த ரவிக்கை அளவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நோட்டைப் பழைய பேப்பருக்குப் போடச் சொன்னதும் நான்தான். அடுத்த வாரமே ஏதோ மாற்றப்போய், பெயர்களைத் தவிர எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். நகல் எடுத்து வைக்கவில்லை.

கடைக்குப் போய் அழாத குறையாகச் சொன்னேன்.

"இதுக்கு இன்னாத்துக்குமா மூஞ்ச தொங்கப் போட்டுனுகீற? ஒவ்வொரு பேரா படி" என்றார்.

படித்தேன். மெஷினை நிறுத்தாமலே தோள், மார்பு, இடுப்பு, கை என்று சொல்லிக்கொண்டே போனார். ஓரிடத்திலும் தயங்கவில்லை. கடைசியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

"உனக்கு வலது தோளு அர இஞ்ச் எறக்கம். பாத்துத் தெச்சிக்கோ."

வீட்டில் தங்கையிடம் என் தோளை அளக்கச் சொன்னேன். சரியாக அரை இஞ்ச். இவருக்கா கம்ப்யூட்டர் கொடுக்கப் போனேன் என்று கண்ணாடி முன் வெகுநேரம் நின்றிருந்தேன்.