இரண்டாவது கையெழுத்து

1983 மே மாதம். வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.10.

இதைச் சொன்ன ஜோசபின் கதை கட்டுகிற ஆள் இல்லை. நாடியை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற நர்ஸும் இல்லை. முழு நிமிடம் எண்ணுவாள்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் வெள்ளிதான் வார விடுமுறை. தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளும் ரமணியும்தான். ரமணி சாப்பிடப் போயிருந்தாள். துடிப்பு காட்டும் கருவி பழுதான மூன்றாம் கட்டிலில் அய்யாவு. கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். இதயம் தளர்ந்து வந்து நான்கு நாள். 2.15க்கு டிஜாக்சின் ஊசி. நாடி அறுபதுக்குக் கீழே இருக்கும்போது போட்டால் இதயம் நின்றுவிடலாம். அதனால் இரண்டு நர்ஸ் சரிபார்க்க வேண்டும். இரண்டு கையெழுத்து.

"ஒரு ஊசிக்கு ரெண்டு மிஸ்ஸியா? ஒருத்தர் புடிக்க, ஒருத்தர் குத்தவா?" என்றார் அய்யாவு.

"பேசாம படுங்கண்ணே. ரமணி வரட்டும்."

"நான் இருக்கேன்."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் நின்றாள். வேறு வார்டிலிருந்து அனுப்பியிருப்பார்கள் என்று ஜோசபின் நினைத்தாள். ஆனால் அந்தப் பிரிவின் கதவு திறந்தால் கிறீச்சிடும். கிறீச்சிடவில்லை.

வந்தவள் அய்யாவுவின் மணிக்கட்டைப் பிடித்தாள். சீட்டில் கையெழுத்துப் போட்டாள்.

"எழுபத்திரண்டு. போட்டுடு."

ஜோசபின் ஊசியை எடுத்தாள்... நிறுத்தினாள்.

வந்தவளின் மார்பில் கடிகாரம் இல்லை. கையிலும் இல்லை. சுவர்க் கடிகாரத்தையும் அவள் பார்க்கவில்லை.

எதை வைத்து எண்ணினாள்?

"நேரமாவுது. போடு."

ஜோசபின் ஸ்டெதாஸ்கோப்பை அய்யாவுவின் நெஞ்சில் வைத்தாள்.

லப்... டப்.

லப்......... டப்.

ஒரு நிமிடம். நாற்பத்தாறு.

நிமிர்ந்தாள்.

யாரும் இல்லை.

டாக்டரைக் கூப்பிட்டாள். ஊசி நிறுத்தப்பட்டது.

3.05க்கு சிஸ்டர் பேட்ரிசியா வந்தார். பதினைந்து வருடமாக அந்தப் பிரிவைப் பார்ப்பவர். சீட்டிலிருந்த பெயரை வெகுநேரம் பார்த்தார். பிரேமாவதி.

"விளையாடுறியா?"

"இல்ல சிஸ்டர். இங்கதான் நின்னாங்க."

"அவ செத்து ஒம்பது வருசம் லா. இதே கட்டில்தான். எண்ணாமலே எழுதிட்டு ஊசி போட்டா. அந்த ஆளு போய்ட்டாரு. மறுவாரம் அவளும்..."

ஜோசபின் கட்டிலுக்கு ஓடினாள்.

அய்யாவு விழித்திருந்தார். இடது கை கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது. கீழே தாங்க எதுவும் இல்லை. ஆனாலும் கை தாழவில்லை.

"மிஸ்ஸி... அந்த இன்னொரு மிஸ்ஸி ஏன் என் கைய இன்னும் விடல?"