செத்தவர் எழும்பும் பாய்

காட்டில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். நான். என் மகள். மகளின் மாப்பிள்ளை. கட்டாரில் இருந்து என் மகன்.

காடு போனுக்குள் இருந்தது. மகனைத் தவிர மற்ற மூன்று பேரும் கல்முனையில் ஒரே வீட்டில்தான். நான் குசினி அடுப்படியில், மகள் நடு அறையில், மருமகன் முன் விறாந்தையில். எங்கள் குடும்பத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. அவர் கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருடம். சோறு போட்டாயிற்று என்பதைக்கூட மகளிடம்தான் சொல்லிவிடுவேன். அவருக்கு என்னிடம் ஏதும் தேவை என்றாலும் மகள் வழியாகத்தான் வரும். கோபம் ஒன்றும் இல்லை. அது மரியாதை.

கேமைக் காட்டித் தந்தது மகன். கட்டாரில் ஒரு கம்பனி ஸ்டோரில் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. போன் எடுத்தால் சாப்பிட்டாயா என்பேன், ஓம் என்பான். வேலை எப்படி என்பேன், பரவாயில்லை என்பான். இரண்டு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். எனக்கும் கதைக்கத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. காட்டுக்குள் போனால் இரண்டு மணித்தியாலம் அவன் குரல் கேட்கும். விறகு வெட்டச் சொல்வான், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்வான். அதற்காகத்தான் பழகினேன். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். போனில் பெருவிரலால் நடக்கப் பழக ஒரு மாதம் போனது.

சாவு அங்கே இப்படித்தான். பசித்தாலும் சாவு, தாகித்தாலும் சாவு. பாம்பு இருக்கிறது, பன்றி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, ஆற்றில் முதலை. அடிபட்டவுடன் உயிர் போகாது. ஆள் விழுந்து கிடப்பார், போன் சிவக்கும். அரை நிமிடத்துக்குள் கூட்டாளி ஒருவர் பக்கத்தில் போய்க் குந்தி, விரலை எடுக்காமல் பத்து எண்ணும்வரை அமத்திப் பிடித்தால் எழும்பலாம். ஒருவரும் வராவிட்டால் முழுச் சாவு, மௌத்து. அதன் பிறகு பாயில் எழும்புவார். பாயை எங்கே விரித்து வைத்தாரோ அங்கே. கையில் ஒன்றும் இருக்காது. கத்தி, இறைச்சி, மருந்து எல்லாம் ஒரு பையாகச் செத்த இடத்திலேயே கிடக்கும். போய் எடுக்கலாம். போகிற வழியில் திரும்பவும் செத்தால் முதல் பை இல்லை. மழையில் பாய் அழிந்துவிட்டால் கடற்கரையில்தான் எழும்ப வேண்டும், முதல் நாள் வந்து இறங்கிய மாதிரி.

மகள் முதல் தரம் செத்தபோது, சாவுச் செய்திக்குச் சொல்கிற இன்னாலில்லாஹி என் வாயில் வந்துவிட்டது. அவள் சிரித்தாள். என் கணவர், அவளுடைய வாப்பா, மௌத்தானபோது நாலு மாதமும் பத்து நாளும் இத்தா என்று வீட்டுக்குள் துக்கம் இருந்தவள் நான். இங்கே எட்டு விநாடியில் எழும்பி வந்து பசிக்குது என்கிறாள். எனக்கு அது பிடிபட நாளாயிற்று.

முதல் கிழமைகளில் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் போனை அப்படியே வைத்துவிட்டு எழும்பினோம். காடு நிற்காது. அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் மூன்று பேரும் பட்டினியில் செத்துக் கிடந்தோம். பிறகு கேமை மூடிவிட்டுத் தொழப் போகப் பழகினோம்.

மருமகன் ஒரு தரம் என்னால்தான் செத்தார். புல்லுக்குள் சிறுத்தை பதுங்கி நின்றது. நான் கண்டேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு தடி வெட்டினார். நான் மகளைக் கூப்பிட்டேன்.

"மகள், உங்கட மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லுங்க, பின்னால சிறுத்தை நிக்கிதெண்டு."

நான் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கும். ஆனால் மகளுக்கு நான் சொல்வதை அவர் காதில் எடுப்பதில்லை. அதுவும் மரியாதைதான். மகள் வாயைத் திறக்க முதல் ஆள் விழுந்துவிட்டார். அக்காவை ராத்தா என்று கூப்பிடுகிற மகன் கட்டாரில் இருந்து சொன்னான்.

"உம்மா, சிறுத்தைக்கும் ராத்தாக்கிட்டயே சொல்லி அனுப்புங்க. கொஞ்சம் பொறுக்கட்டும்."

விறாந்தையில் மருமகன் சிரித்தது கேட்டது. நான் சீலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டேன். குசினியில் ஒருவரும் இல்லை.

மகன் கவனமான ஆள். காட்டில் எங்கள் குடிசைக்குள் ஒரு பலகை உண்டு. யார் எத்தனை தரம் செத்தார், கடைசியாக எப்போது வந்தார் என்று அது காட்டும். மகள் முப்பதைத் தாண்டியிருந்தாள். நான் அதற்கு மேல். மகன் நாலு மாதத்தில் இரண்டு தரம்.

ஒரு செவ்வாய்க்கிழமை இடியப்ப வேலை முடிந்து, தனியாகப் பழகலாம் என்று பதினொரு மணிக்குப் போனேன். வாசலில் விறகு அடுக்கியிருந்தது. அடுப்பு எரிந்தது. எங்களில் ஒருவரும் அடுக்கவில்லை. பலகையைப் பார்த்தேன். அரை மணித்தியாலத்துக்கு முதல் மகன் வந்து போயிருந்தான். எங்களுக்குப் பத்தரை என்றால் கட்டாரில் எட்டு மணி. அவன் ஸ்டோருக்குள் நிற்க வேண்டிய நேரம்.

லீவாக இருக்கும் என்று நினைத்தேன். புதன் பார்த்தேன். வியாழன் பார்த்தேன். அடுத்த கிழமையும் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் வந்திருந்தான். செத்த கணக்கும் ஏறியது. ஒன்பது, பதினாறு, இருபத்திரண்டு. முதலை கிடக்கிற ஆற்றுக்குக் கத்தியைக் குடிசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். பை கரையில் கிடந்தது. எடுக்க வரவில்லை. ஒரு துண்டு இறைச்சியை வீணாக்காதவன்.

போன் எடுத்தேன். வேலை எப்படி என்றேன். வேலையிலதான் நிக்கன் உம்மா என்றான். பின்னால் ஸ்டோரின் சத்தம் ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் இருமினார். படுத்துக் கிடந்து இருமுகிற இருமல்.

காட்டில் கண்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அங்கேயும் வரமாட்டான். பிறகு அவன் இருக்கிறான் என்று அறிய எனக்கு ஒரு வழியும் இல்லை.

மாவுக்குத் தண்ணீர் கூடிவிட்டது. இரண்டு நாள் இடியப்பம் களியாகிக் கடையில் இருந்து திரும்பி வந்தது. ஒரு நாளில் பத்துத் தரம் பலகையைப் போய்ப் பார்த்தேன். கணக்கு ஏறியிருந்தால் பயம். ஏறாவிட்டால் அதைவிடப் பயம்.

மகளிடம் கேட்டேன். எனக்கு ஒண்டும் தெரியாதும்மா என்றாள். அவள் முகத்தில் பொய் இல்லை. மருமகனுக்குத்தான் தெரிந்திருந்தது. கொஞ்ச நாளாக, போன் வந்தால் கிணற்றடிக்குப் போய் நின்று மெதுவாகக் கதைத்தார். மகளை விட்டுக் கேட்பித்தேன். ஒண்டுமில்லையாம் என்று வந்து சொன்னாள். இரண்டாந்தரம் கேட்பித்தேன். அதே பதில். நடுவில் ஒரு ஆள் நின்றால் அவர் சொல்லப்போவதில்லை என்று விளங்கியது.

ஒரு திங்கட்கிழமை. மகள் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய்விட்டாள். பத்தரைக்குக் காட்டுக்குள் போனேன். மருமகன் உள்ளே நின்றார். போன் திருத்துகிற தன் கடையில் இருந்து வந்திருந்தார். காலையில் ஆட்கள் குறைவு. நாங்கள் இரண்டு பேர் மட்டும். பலகை மகனுக்கு முப்பத்தெட்டு என்று காட்டியது. மூன்று நிமிடத்துக்கு முதல் செத்து, பாயில் எழும்பாமலே மூடிவிட்டுப் போயிருந்தான்.

மருமகன் ஆற்றுப் பக்கம் நடந்தார். மகனுடைய பையை எடுக்கத்தான். நான் பின்னால் போனேன்.

தண்ணீரில் முதலையின் முதுகை நான்தான் முதலில் கண்டேன். சொல்ல மகள் இல்லை. நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் விழுந்தார். முதலை தண்ணீருக்குள் போய்விட்டது. அவர் சேற்றில் கிடந்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் குந்தினேன். விரலை வைத்து அமத்தினேன்.

"மருமகன்," என்றேன்.

மூன்று வருடத்தில் முதல் தரம்.

"அவன் சாப்புடுறானா?"

"ஓம் மாமி. கூட்டாளிமாருட றூம்ல இரிக்கார். சாப்பாடு இரிக்கி."

"வேலை?"

நான் விரலை எடுக்கவில்லை.

"கம்பனிய மூடிட்டாங்க மாமி. வேற இடம் தேடித் திரியிறார். உங்களுக்குச் சொல்லப்படாதெண்டு எங்கிட்டச் சத்தியம் வாங்கினார்."

"கேட்டது நான். நீங்களாச் சொல்லல்ல, சத்தியம் முறியல்ல."

"ஓம் மாமி." பிறகு சொன்னார், "நான் எழும்பிட்டன் மாமி. விரல எடுங்க."

பார்த்தேன். அவர் எழும்பி நின்றுகொண்டிருந்தார். விரல் வலித்தது. எடுத்தேன்.

"எத்தின நாளா?"

அவருடைய கடையில் யாரோ சார்ஜர் கேட்டார்கள். கொஞ்சம் இருங்க என்று அவர் சொன்னது கேட்டது. பிறகு என்னிடம் சொன்னார்.

ஐம்பத்து மூன்று நாள்.